ஆறு ரீவிகளில் ஒரு சண்டை

போன சனிக்கிழமை அஜக்ஸில் சுகியின் வீடு குடிபூரல். நெடுஞ்சாலை நெரிசலில் கிடந்து நான் போய்ச் சேர்ந்தபோது சாப்பாடு தொடங்கிவிட்டது. சுகி என்னோடு கல்லூரியில் மின்னணுவியல் படித்தவள். இரண்டு கார் நிறுத்தும் இடம், சலவை அறை, யாரும் உட்காரக்கூடாத ஒரு வரவேற்பறை என்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினாள். அந்த உட்காரக்கூடாத அறையின் கண்ணாடி மேசையில் பெரிய புத்தகம் ஒன்று கிடந்தது. ரொறன்ரோவின் நவீன கலையைப் பற்றியது. அதன்மேல் யாரோ பாதி கடித்த மீன் ரோல்ஸோடு கடதாசித் தட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"எப்ப தொடக்கம் உப்பிடிப் புத்தகமெல்லாம் வாசிக்கிறாய்?"

"உதோ? அட்டை சோபாவின்ர நிறம். அதுக்கெண்டு வாங்கினது. ஒருத்தரும் திறந்து பாக்கேல்லை."

நான் திறந்து பார்த்தேன். திறந்திருக்கக் கூடாது. நடுவில் ஒரு பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு படம்: சாம்பல் நிறக் கோடுகள், அவற்றுக்கு நடுவே இரண்டாக வெட்டுப்பட்டு மேலேறிப்போகும் ஒரு முகத்தின் கீழ்ப்பாதி. அடியில் கலைஞரின் பெயர் அபேனா என்று போட்டிருந்தது. படத்திலிருந்தவர் 'பெயர் அறியப்படாத பெண்'. ஆபிரிக்க நினைவின் சிதைவைச் சொல்வதற்காகக் கலைஞர் படத்தை வேண்டுமென்றே சிதைத்திருக்கிறார் என்று விளக்கம். வழவழத் தாளின் மை வாசமும் ரோல்ஸின் எண்ணெய் வாசமும் சேர்ந்து வந்தன; தட்டைத் தூரத் தள்ளி வைத்தேன். ரோல்ஸ் நல்ல ரோல்ஸ். அதன்மேல் நான் பழி போடவில்லை.

மீன் மணமும் வீடியோப் படமும் ஒன்றாக வந்தால் எனக்கு நினைவு வருவது பார்லிமென்ற் வீதியில் இருந்த தவம் அண்ணையின் வீடியோக் கடை. இருபது வருடங்களுக்கும் முந்திய கதை. அந்தக் காலத்தில் எங்கள் சனத்தில் பாதிப் பேர் அந்த வீதிக்குப் பின்னால் நின்ற உயர்ந்த அப்பாட்மென்ற் கட்டடங்களில் அடைந்து கிடந்தோம். கடைக்கு ஒரு பக்கம் கருவாடும் மரவள்ளிக்கிழங்கும் விற்கும் பலசரக்குக் கடை. நடுச்சுவர் வெறும் பலகை. ஆகவே எங்கள் கசெற்றுகள் எல்லாவற்றிலும் கீரிமீன் கருவாடு மணக்கும். நான் படித்துக்கொண்டே மாலைகளில் அங்கே வேலை செய்தேன். வீடியோ டெக்கின் தலையைப் பஞ்சால் துடைப்பது, அறுந்த நாடாவை ஒட்டுவது, கலியாண வீடியோவில் மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் ரோசாப்பூ சுழலவிடுவது. கடைசி வேலையைப் பற்றி அதிகம் கேட்காதேயுங்கள்.

கடையின் உண்மையான சொத்து பின்னறையில் இருந்த ஒரு கறுத்தப் பெட்டி. இலங்கையிலும் லண்டனிலும் ஜேர்மனியிலும் வீடியோப் படம் ஒரு முறையில் பதிவாகும், கனடாவில் வேறு முறை. அங்கத்தைய கசெற்றை இங்கத்தைய டெக்கில் போட்டால் நிறம் போய்விடும். படம் மேலிருந்து கீழாக உருளும். குறுக்கே மழைக்கோடுகள் விழும். குரல் சுண்டெலியின் குரலாகும். தவம் அண்ணையின் பெட்டி ஊர்க் கசெற்றைக் கனடாக் கசெற்றாக மாற்றிக்கொடுக்கும். ஜேர்மனியில் நடந்த தங்கச்சியின் கலியாணத்தைப் பார்க்க ஆசைப்படும் அண்ணன்மார் எல்லோரும் அந்தப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றே ஆகவேண்டும். உருளும் படம் என்றால் என்னவென்று எங்கள் வீடுகளில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். படம் உருண்டால் அழக்கூடாது. அழாமல் தவம் அண்ணையிடம் போகவேண்டும்.

அபேனா அன்ரியைக் கடைக்குக் கூட்டிவந்தவர் எங்கள் கட்டடத்து மலர் அன்ரி. இரண்டு பேரும் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் ஒரே ஓடும் பட்டியில் எதிரெதிரே நின்று வேலை செய்தவர்கள். ஒருவர் தட்டில் கரண்டி வைக்க மற்றவர் வெண்ணெய் வைப்பார். மலர் அன்ரியின் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் இல்லை, ஆனாலும் அவருக்கு அபேனா அன்ரியின் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. கானாவில் கடற்கரை ஊர். தாய் மீன் வாட்டி விற்பவர். ஓவியம் படித்து, அங்கே தொலைக்காட்சியில் படம் வெட்டி ஒட்டும் வேலை பார்த்தவர். புத்தகங்கள் எழுதியவர். ஏதோ எழுதப்போய்ச் சிக்கலாகி இங்கே வந்தவர். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. எங்களைப்போலத்தான்.

"இஞ்ச பார் பிள்ளை, இவவுக்கும் ஊர்க் கசெற் உருளுதாம்," என்றார் மலர் அன்ரி.

ஒரு விசயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அபேனா அன்ரி என்னோடு பேசியது ஆங்கிலத்தில். ஆனால் என் நினைவில் அவர் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழிலேயே கதைக்கிறார். எப்படி என்று தெரியவில்லை. அவர்கள் ஊரிலும் மூத்த பெண்களை அன்ரி என்றுதான் கூப்பிடுவார்களாம், ஒருவேளை அதனால் இருக்கலாம். அப்படியே எழுதுகிறேன். பின்னால் ஒரு கலைக்கூடப் பொறுப்பாளர் வருவார். அவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

அவர் கொண்டுவந்தது துணியில் சுற்றிய ஆறு கசெற்றுகள். துணியை அவிழ்த்ததும் புகைபோட்ட மீனின் வாசம் எழுந்தது. அவர் போனபிறகு தவம் அண்ணை மேசை லாச்சியிலிருந்து வாசனைத் தகரத்தை எடுத்துக் கடை முழுக்க அடித்தார். அடித்துக்கொண்டே, கறுப்பு இனத்தவரைச் சொல்ல எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னார். உங்களுக்குத் தெரியும் எந்தச் சொல் என்று. எழுதமாட்டேன்.

"தவம், பக்கத்துக் கடைக் கருவாட்டுக்கு ஒருநாளும் அடிக்கேல்லையே நீங்கள்?" என்று மலர் அன்ரி கேட்டார்.

"அது எங்கட மணம்."

எனக்குச் சின்ன வயது தொடக்கம் எல்லாவற்றையும் மனதில் வரிசைப்படுத்தி வைக்கும் பழக்கம். சரக்குத் தூள் போத்தல்களை அகரவரிசையில் அடுக்கி அம்மாவிடம் பேச்சு வாங்கியவள் நான். அருவருப்புகளுக்கும் ஒரு வரிசை வைத்திருந்தேன். சந்தையில் ஈ மொய்த்த மீன் தலை, குண்டுக்குப் பதுங்கிய பங்கரில் தேங்கிய தண்ணீர், சுரங்க ரயிலில் பக்கத்தில் இருப்பவர் நகம் வெட்டுவது. அந்த வாசனைத் தகரத்தின் லவெண்டர் அன்று நேரே முதலிடத்துக்குப் போனது. இப்போதும் யாராவது வீட்டில் அதே மணம் வந்தால் நான் குளியலறைக்குப் போவதில்லை.

கசெற்றுகளில் இருந்தவர்கள் ஆறு பெண்கள். அபேனா அன்ரி ஊரிலுள்ள ஒரு கமெராக்காரருக்குச் சொல்லி, தாயையும் அவரோடு சந்தையில் இருப்பவர்களையும் ஒவ்வொருவராக இருத்தி எடுப்பித்திருந்தார். ஒவ்வொருவரும் கமெராவை நேரே பார்த்து, அபேனாவோடு பேசுவதுபோலப் பேசவேண்டும். அவர்களோ அவரோடு பேசியதைவிடத் தங்களுக்குள் சண்டை பிடித்ததுதான் அதிகம். முதல் நாள் பேசியவர் சொன்னதைக் கேள்விப்பட்டு அடுத்தநாள் மற்றவர் வந்து மறுத்திருந்தார். மீன் பொரிக்கும் பெரிய அலுமினியத் தாச்சி ஒன்று காணாமல் போயிருக்கிறது, எடுத்தது யார் என்பதுதான் வழக்கு. அதற்குள் ஆட்டின் கதை, ஐஸ் கரைந்த கதை, அபேனாவின் கால் பெரிது என்ற கதை.

நான் மாற்றிக்கொண்டிருக்கும்போது கடைக்கு வந்த எங்கள் பெண்கள் பின்னறை வாசலில் கூடிவிடுவார்கள். ஒருவருக்கும் ஒரு சொல் விளங்காது. அது ஒரு தடையாகவே இல்லை.

"உவள் பொய் சொல்லுறாள். கண்ணைப் பார்," என்றார் மலர் அன்ரி.

"ஓம், பொய்தான் சொல்லுறா. தாச்சி அவவின்ர வீட்டிலதான் கிடக்கு," என்றார் அபேனா அன்ரி.

"நான் நினைச்சனான்! அந்தப் பச்சைச் சீலைக்காறி பாவம். அவளில வீணாப் பழி."

அந்த மாதங்களில் அபேனா அன்ரி எங்கள் வீட்டுக்கும் வந்துபோனார். அவருடைய பெயருக்குச் செவ்வாய்க்கிழமை பிறந்தவள் என்று பொருள். அதைக் கேட்டு அம்மா அதிர்ந்துபோனார். எனக்குச் செவ்வாய்க் குற்றம் இருப்பது அம்மாவின் நிரந்தரக் கவலை.

"குற்றத்தைப் பேராவே வச்சால் ஆர் கட்டுவான்?"

நான் மொழிபெயர்த்தேன். அவர் தேநீரை ஊதிக்கொண்டே, "கட்டினவன் ஒருத்தன். நான்தான் விட்டிட்டு வந்தனான். கொம்மாவைப் பயப்பிட வேண்டாமெண்டு சொல்லு," என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர் எழுதிய புத்தகங்கள் மூன்று. ஒன்று லொறியில் ஏறித் தலைநகருக்குப் போன ஆட்டைப் பற்றிய சிறுவர் கதை. ஒன்று ஓர் ஊரின் ஒரே புகைப்படக் கடையைப் பற்றிய நாவல். மூன்றாவது ரொறன்ரோவில் எழுதி, நகல் எடுத்து, நூலால் கட்டியது. ஸ்ரீற்காரில் தன்னிடம் முன்பின் தெரியாதவர்கள் சொன்ன வசனங்களை வரிசையாக எழுதியிருந்தார். விளக்கம் ஒன்றும் இல்லை. 'உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறதே.' 'உங்கள் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கலாமா?' 'தொட்டுவிட்டேன், மன்னிக்கவும்.' 'உங்கள் நாட்டில் பஸ் இருக்கிறதா?' வரிசை என்றால் எனக்கு உயிர் என்றேனே. ஆனால் அதை ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. நாலு பக்கத்துக்கு ஒருமுறை கை கழுவவேண்டும்போல இருந்தது.

அந்த வசந்தத்தில் அவருடைய தாய் இறந்துவிட்டார். செய்தி தொலைபேசியில் வந்தது. வழக்கு முடியாமல் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது. அவர் போகவில்லை. மறுநாள் வழக்கம்போல விமானச் சாப்பாடு அடைக்கப் போனார் என்று மலர் அன்ரி சொன்னார். "வெண்ணெய் வைக்கேக்குள்ள ஒண்டிலையும் கை பிழைக்கேல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது."

அதன்பிறகுதான் அவர் அந்த ஆறு கசெற்றுகளையும் ஒரு படைப்பாகச் செய்யத் தொடங்கினார். நான் மாற்றிக் கொடுத்த கனடாக் கசெற்றுகளை வெட்டி ஒட்டினார். ஒவ்வொரு பேச்சுக்கும் அடியில் ஆங்கில வரிகளைத் தானே எழுதி ஏற்றினார். அந்த வரிகள் கத்திபோல இருந்தன. நடுவில் ஓர் இடைவெளி விட்டு ஆறு ரீவிகளை வட்டமாக வைக்கவேண்டும். ஒரு ரீவியில் ஒருவர் குற்றம் சாட்ட, எதிர்ப்புறத்து ரீவியிலிருந்து மற்றவர் மறுப்பார். சண்டை அறையைக் குறுக்கே வெட்டிப் போகும். நடுவில் நிற்பவர் தலையைத் திருப்பித் திருப்பிக் களைத்துவிடுவார். ஆறு டெக்குகளும் ஒரே கணத்தில் தொடங்குவதற்கு ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டியை நான் செய்து கொடுத்தேன். என் படிப்புக்கு முதன்முதலில் ஓர் அர்த்தம் வந்தது அப்போதுதான். சுழலும் ரோசாப்பூவை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆறாவது ரீவியில் இருந்தவர் தாய். மற்ற ஐந்துபேரும் குரலை உயர்த்திக்கொண்டே போக, அவர் ஒன்றும் பேசாமல் ஒரு தோடம்பழத்தை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சண்டை உச்சிக்குப் போகும் இடத்தில் கையை உயர்த்துவார். ஐந்து ரீவிகளும் நின்றுவிடும். அவர் கமெராவைப் பார்த்து ஒரேயொரு வசனம் சொல்லுவார்.

"கத்தாதேயுங்கோ. பிள்ளை அங்க தனிய இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

அவ்வளவுதான். படைப்பு முழுக்க அந்த ஒரு வசனத்துக்காகவே கட்டப்பட்டது. அதைச் சனங்கள் கேட்கவேண்டும், அந்த முகத்தைப் பார்க்கவேண்டும், அது போதும் என்றார் அபேனா அன்ரி. "செத்த வீட்டுக்குப் போகேல்லை. இதுதான் நான் செய்யிற செத்தவீடு."

குயின் வீதியில், பழைய தையல் தொழிற்சாலை ஒன்றில் இருந்த கலைக்கூடம் அதைக் காட்ட ஒத்துக்கொண்டது. அதன் பொறுப்பாளர் மெலிந்த மனிதர். கழுத்தில் எப்போதும் ஒரு கைத்தறிச் சால்வை, அது எந்த நாட்டுத் தறி என்று எல்லோருக்கும் சொல்லுவார். துணிப் பொட்டலத்தை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினார்.

"அற்புதம். இந்த வாசத்தை நாம் அரங்கத்துக்கும் கொண்டுவரலாமா? கொஞ்சம் மீன் தொங்கவிட்டால்?"

"மீன் திங்கிறதுக்கு," என்றார் அபேனா அன்ரி.

மூலக் கசெற்றுகளைப் பாதுகாப்பான அலுமாரியில் வைப்பதாகச் சொல்லிப் பொறுப்பாளர் வாங்கிக்கொண்டார். பொட்டலத்தோடு கொடுத்துவிட்டோம். தவம் அண்ணையின் கடையில் தண்ணீர் ஒழுகும், கலைக்கூடத்தில் ஒழுகாது என்பது எங்கள் கணக்கு.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் நான் ஆறு ரீவி, ஆறு டெக், என் பெட்டி எல்லாவற்றையும் பொருத்தி, எழுத்து ஏற்றிய கசெற்றுகளைப் போட்டு முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். தாய் கையை உயர்த்த ஐந்து பேரும் நின்றார்கள். நிலம் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணும் நின்றாள். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மாலை போனபோது வாசலிலேயே சுண்டெலிகளின் சத்தம் கேட்டது.

உள்ளே ஆறு ரீவிகளிலும் படம் உருண்டுகொண்டிருந்தது. நிறம் இல்லை. மழைக்கோடுகள். அடியில் ஓர் எழுத்தும் இல்லை. ஆறு பெண்களும் கழுத்தறுந்து மேலேறி, மறைந்து, கீழிருந்து மறுபடி வந்துகொண்டிருந்தார்கள். கறுப்பு உடை அணிந்த கூட்டம் வைன் கோப்பைகளோடு நடுவில் அசையாமல் நின்றது. கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோல நின்றார்கள்.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு கணமும் எடுக்கவில்லை. பொறுப்பாளர் கடைசி நேரத்தில் என் கசெற்றுகளை எடுத்துவிட்டு அலுமாரியிலிருந்த ஊர்க் கசெற்றுகளைப் போட்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"நீங்கள் வைத்தவை பிரதிகள்தானே. எங்கள் கூடத்தில் நாங்கள் மூலத்தை மட்டுமே காட்டுவோம்."

"மூலம் இந்த டெக்கில் ஓடாது. இது பழுது. நான் மாற்றிவிடுகிறேன்."

அவர் என் முன்கையைப் பிடித்தார். "தயவுசெய்து தொடாதீர்கள். அவர்களைப் பாருங்கள். இது வேலை செய்கிறது."

அவர்களைப் பார்த்தேன். வெள்ளி வளையல் போட்ட ஒரு பெண்மணி ரீவியொன்றின் முன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதுபவர் ஒருவர், காயப்பட்ட கண்டத்தின் நினைவு இப்படித்தான் நடுங்கும் என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார். அந்த ரீவியில் அந்த நேரத்தில் இருந்தவர் எசி. மாற்றும்போது எத்தனையோ தடவை பார்த்திருந்ததால் வாயசைவு எனக்குப் பாடம். அவர் சொல்லிக்கொண்டிருந்தது: 'அபேனா, நீ விட்டிட்டுப் போன சப்பாத்துக்குள்ள என்ர கோழி முட்டை இட்டிருக்கு.'

வளையல் பெண்மணி அபேனா அன்ரியிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்கள் வலியை நான் உணர்கிறேன்." அவருடைய விரலில் பாற்கட்டி ஒட்டியிருந்தது. அது அபேனா அன்ரியின் மணிக்கட்டில் பூசுப்பட்டது. அபேனா அன்ரி அந்தக் கையைப் பார்த்தார். நான் என் வரிசையில் லவெண்டரை ஒரு படி கீழே இறக்கினேன்.

மலர் அன்ரி கூறைபோன்ற சிவப்புச் சேலையில், பக்கத்து வீட்டு இரண்டு பெண்களையும் தாச்சிச் சண்டை காட்டுவதாகச் சொல்லி அழைத்து வந்திருந்தார்.

"இந்த உருளுற கோதாரியைப் பாக்கவே நான் சாறி உடுத்து, தலைக்குப் பூவும் வச்சு, இவையளையும் இழுத்துக்கொண்டு வந்தனான்? உது வீட்டையும் உருளுமே!"

அபேனா அன்ரி ஆறாவது ரீவிக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய தாய் உருண்டுகொண்டிருந்தார். தோடம்பழம் ஒரு கரும்புள்ளி. கையை உயர்த்தும் இடம் வந்தது, ஆனால் ஒரு ரீவியும் நிற்கவில்லை. கடைசி வசனம் ஒரு கீச்சாகக் கேட்டு முடிந்தது.

அப்போது அபேனா அன்ரி நடுவுக்கு வந்து, அந்த இரைச்சலின்மேல் தானே பேசத் தொடங்கினார். எசியின் குரலில் குற்றம் சாட்டினார். திரும்பி மான்சாவின் குரலில் மறுத்தார். ஆறுபேரும் அவருக்குள் இருந்தார்கள். எங்கள் மூன்று பெண்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மற்றவர்கள் திரும்பி எங்களை முறைத்தார்கள், துக்க வீட்டில் சிரித்ததுபோல. அவர் கையை உயர்த்தி, தாயின் வசனத்தைச் சொன்னார். முதலில் தன் மொழியில், பிறகு ஆங்கிலத்தில்.

கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். பிறகு கைதட்டினார்கள்.

நிறுத்தாமல் தட்டினார்கள். யாரோ 'ஆகா' என்றார். பொறுப்பாளர் ஓடிவந்து, நிகழ்ச்சி நிரலில் இல்லாத இந்த அற்புத நிகழ்த்துகலைக்கு நன்றி சொன்னார். இதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செய்யமுடியுமா என்றும் கேட்டார். ஒருவருடைய செத்தவீட்டில் அவருடைய ஒப்பாரிக்கு மறுமுறை கேட்டுக் கைதட்டுபவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"பிள்ளை, எங்க செருகியிருக்கிறாய்?" என்றார் அபேனா அன்ரி.

காட்டினேன். அவர் குனிந்து சுவரிலிருந்து செருகியை இழுத்தார். ஆறு ரீவிகளும் செத்தன. கூட்டம் இதற்கும் கைதட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், தட்டினார்கள்.

டெக்குகளிலிருந்து ஊர்க் கசெற்றுகளை எடுக்க மறுபடி மின்சாரம் கொடுக்கவேண்டியிருந்தது. ஐந்து ஒழுங்காக வெளியே வந்தன. ஆறாவது வரவில்லை. மூடியைக் கழற்றினேன். ஒத்துவராத கசெற்றை மாலை முழுக்க ஓடவிட்டதில் நாடா உருளைகளில் சுற்றிச் சிக்கி, மடிந்து, நைந்து கிடந்தது. பழுப்பு நிற இடியப்பம்போல இருந்தது. நான் கைப்பையில் வைத்திருந்த சின்னக் கத்தரிக்கோலோடு நிலத்தில் குந்தியிருந்தேன். கலியாண வீட்டுக்கும் கத்தரிக்கோலும் திருப்புளியும் கொண்டுபோகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பக்கத்தில் சப்பாத்துகள் வந்து நின்றன. பொறுப்பாளர்.

"அதை அப்படியே விட்டுவிடுங்களேன். இந்தச் சிக்கலே ஓர் உருவகம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம்."

அபேனா அன்ரி அந்த நாடாவை இரண்டு கையாலும் அள்ளி, அலுமாரியிலிருந்து எடுத்துவந்த புகைமீன் துணிக்குள் வைத்து முடிச்சுப் போட்டார். "இது என்ர அம்மா," என்றார். குரல் உயரவில்லை. "இவவைப் பெட்டிக்குள்ள ஏற்கெனவே வச்சாச்சு."

நாங்கள் வெளியே வந்தோம். ஸ்ரீற்காரில் துணி மணத்தது. முன் இருக்கைக்காரர் யன்னலைத் திறந்தார். மலர் அன்ரி தலைப் பூவைக் கழற்றி அந்தப் பொட்டலத்தின்மேல் வைத்தார்.

நாங்கள் போனபிறகு, பத்திரிகைக்காரர்கள் கேட்டதால், உருளும் படத்தைத் தாங்கள் முன்பே கமெராவில் பதிந்து வைத்திருந்ததைப் பெரிய திரையில் போட்டுக் காட்சியை இறுதிவரை நடத்தினார்களாம். நல்ல கூட்டமாம். அபேனா அன்ரி கடுமையாக எழுதிக் கேட்டதற்கு, படைப்பு கலைஞரின் நோக்கத்தைத் தாண்டிச் சென்றுவிட்டது என்று பதில் வந்தது.

வழக்கு முடிந்து கடதாசி கிடைத்ததும் அவர் இங்கே தங்குவார் என்று நினைத்தோம். அவர் ஊருக்குப் போனார். போகமுன், கலைக்கூடத்திலிருந்து மீட்டுவந்த, எழுத்து ஏற்றிய கனடாக் கசெற்றுகளைத் தவம் அண்ணையின் பெட்டியில் போட்டு நான் திருப்பி ஊர்க் கசெற்றாக மாற்றிக் கொடுத்தேன். தாயின் முகம் இரண்டு தடவை மாறியதில் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் நின்றது. உருளவில்லை. பிறகு ஒருநாள் தொலைபேசியில், பின்னால் ஒரே கூச்சலாக இருக்க, அவர் சொன்னார்: "சந்தையில ரீவி அடுக்கிப் போட்டுக் காட்டினனான். அம்மா கையைத் தூக்கேக்குள்ள எல்லாரும் வாயைப் பொத்தினவை. முடிஞ்ச கையோட தாச்சிச் சண்டை திரும்பத் தொடங்கீட்டுது. கேக்குதே?" கேட்டது. நன்றாகக் கேட்டது. அதன்பிறகு சில அழைப்புகள். பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

தவம் அண்ணை கடையை ஸ்காபரோவுக்கு மாற்றினார். எல்லா முறையும் ஓடும் டெக் மலிவாக வந்ததும் மாற்றுகிற தொழிலே படுத்துவிட்டது. கறுத்தப் பெட்டியை அவர் குப்பை நாளில் வீதியோரம் வைத்ததாகக் கேள்வி. மலர் அன்ரி மகனோடு பிறம்ரன் போய்விட்டார். குயின் வீதிக் கலைக்கூடத்தில் இப்போது கோப்பிக் கடை. அங்கே லவெண்டர் மணக்கும் தேநீரும் விற்கிறார்கள். கலைக்கூடத்தில் விட்டுவந்த என் கட்டுப்பாட்டுப் பெட்டியை நான் திருப்பிக் கேட்கவே இல்லை. நான் இப்போது மிசிசாகாவில் கணினி வலையமைப்புகளைப் பார்க்கிறேன். அங்கே ஒன்றும் உருளுவதில்லை.

சுகியின் மேசைக்கு முன்னால் குந்தியிருந்து அந்தப் பக்கத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னடி, சாப்பிடேல்லையே?" என்று அவள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். 'பெயர் அறியப்படாத பெண்.' எனக்குப் பெயர் தெரியும். எசி, மான்சா, எஃபுவா, அபா, அட்வோவா. ஆறாவது எகுவா, அபேனாவின் தாய். இந்த ஆறு பேரில் ஒருவர்தான் அது. மழைக்கோடுகளை விரலால் தொடர்ந்தேன், தோடம்பழம் தெரிகிறதா என்று தேடினேன், புத்தகத்தைச் சரித்தும் தூரப் பிடித்தும் பார்த்தேன். ஒவ்வொரு முகத்தையும் எத்தனையோ மாலைகள் உட்கார்ந்து பார்த்து மாற்றியவள் நான்.

யாரென்று எனக்கே சொல்ல முடியவில்லை.